தூரம் என்னும் சொல்

தமிழில் ஒரே நிகழ்வைக் குறிக்க மிகுதியான மறைமொழிகள் எதற்கு உள்ளன என்று கேட்டால், மகளிர்க்கு மாதந்தோறும் நேரும் உதிரப்போக்கிற்கே என்று தயங்காமல் சொல்லலாம். பூப்பு, விடாய், விலக்கு, தீட்டு, மூன்று நாள், தலைக்குக் குளித்தல், வீட்டுக்குத் தூரம் என்று அப்பட்டியல் நீளும். சோளிங்கர் வட்டாரத்தில் மூத்த பெண்கள் பலர் வாயில் இன்றும் வழங்குவது 'தூரம்' என்ற ஒற்றைச் சொல். "அவ தூரம்" என்று பாட்டி சொல்லிவிட்டால் அதன்பின் யாரும் எதுவும் கேட்பதில்லை. தட்டும் தம்ளரும் தனியாகும். பாய் திண்ணைக்குப் போகும். படிக்கிற பிள்ளையாக இருந்தால் புத்தகப்பை ஆணியில் தொங்கும்.

இச்சொற்களைச் சற்று நின்று நோக்கினால் இருவேறு மனப்பாங்குகள் தென்படும். பூப்பு என்பது பூவோடு உறவுடைய சொல். விடாய் என்றால் களைப்பு, தாகம். இவ்விரண்டும் அப்பெண்ணின் உடலைப் பற்றிப் பேசுகின்றன. விலக்கு, தீட்டு, தூரம் ஆகிய மூன்றும் அவள் உடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிறர் அவளை எங்கே நிறுத்தினர் என்பதையே சொல்கின்றன. மாதவிடாய், மாதவிலக்கு என்ற இரு சொற்களையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகிறோம். முன்னது அவள் களைப்பை அறிகிறது. பின்னது அவளை விலக்குகிறது. சொல் ஆராய்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்ல வரவில்லை. நம் பகுதிப் பெண் பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா என்பதை இவற்றுள் எச்சொல் ஆள்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது நம் கருத்து.

விலக்கின் பழமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 299ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. இவரைப் பெண்பாற் புலவர் எனக் கருதுவர். குதிரைமறம் என்னும் துறையில் அமைந்த அப்பாட்டில் இருவகைக் குதிரைகள் வருகின்றன. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. அது பகைப்படையைப் பிளந்து பாய்கிறது. நெய் பெய்த உணவு தின்று வளர்ந்த பெருவேந்தன் குதிரைகளோ பின்வாங்கி நிற்கின்றன. எப்படி நிற்கின்றன என்பதற்குப் புலவர் காட்டும் உவமை, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிர். போர்க்களத்துக் குதிரையின் தயக்கத்தை விளக்க இதை எடுத்தாள்கிறார் என்றால், கேட்போர் அனைவரும் அன்றாடம் கண்ட காட்சியாகவே அது இருந்திருக்க வேண்டும். அதே பழந்தமிழ் மரபில் தொல்காப்பியர் கற்பியலில், பூப்புத் தோன்றியபின் பன்னிரு நாள் தலைவன் தலைவியை நீங்கி உறைதல் முறையன்று என்று விதி செய்கிறார். ஒதுக்கமும் நம்முடையது, கூச்சமின்றி இலக்கணத்தில் வைத்துப் பேசிய துணிவும் நம்முடையது. இவற்றுள் முதலாவதை வீட்டிலும் பள்ளியிலும் காப்பாற்றி வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டோம்.

சோளிங்கரை அறியாத நண்பர்களுக்காக ஒரு சில வரிகள். திருக்கடிகை எனப் பெயர் பெற்ற வைணவத் தலம். பெரிய மலையில் யோக நரசிம்மரைக் காண 1305 படிகள் ஏற வேண்டும். 2024 மார்ச் முதல் ரோப் காரும் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஊர் இராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம். காலையில் பேருந்து நிறுத்தங்களில் இரண்டு கூட்டம் நிற்கும். சோற்றுத் தூக்கோடு ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் தாய்மார் ஒரு கூட்டம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் மகள்கள் மற்றொரு கூட்டம். முதற்கூட்டத்தில் இருப்பவர் பலர், தம் மகள் அக்கூட்டத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அங்கு நிற்பவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் அத்தகைய தாய் ஒருவரின் மகள் படித்தாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். யாப்பிலக்கணம் நன்றாக வரும்; வெண்பாவில் தளை தட்டினால் கரும்பலகையில் அவளே எழுந்து வந்து திருத்துவாள். வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது அவள் கணக்கு 75 விழுக்காட்டுக்குக் கீழே நின்றது. வகுப்பில் எல்லாரும் இருக்கும்போதே, "ஏம்மா, மாசா மாசம் கணக்கு வச்ச மாதிரி மூணு நாள் லீவு போடுறியே, என்ன விசேஷம்?" என்று கேட்டோம். வேடிக்கையாகக் கேட்பதாக நினைப்பு. அவள் "வயித்து வலி ஐயா" என்றாள். பின்வரிசையில் பையன் ஒருவன் சிரித்தான். பெண் பிள்ளைகள் அனைவரும் குனிந்துகொண்டனர். அப்போதும் நமக்கு விளங்கவில்லை.

மாலையில் உடன் பணியாற்றும் பேராசிரியை ஒருவர் துறைக்கு வந்தார். "அந்தப் பிள்ளைய ஏன் சார் அப்படிக் கேட்டீங்க? நம்ம பெண்கள் கழிப்பறைக்கு ஒரு தரம் போய்ப் பாத்திருக்கீங்களா? ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. மதியத்துக்கு மேல குழாயில தண்ணி இல்ல. மாத்தினதப் போட ஒரு கூடை இல்ல. பாதிப் பிள்ளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருக்கு. முடியாதவ வீட்டுல இருந்துடுறா" என்றார். அத்தனை ஆண்டுகள் அக்கட்டடத்தில் பணிபுரிந்தும் அந்தக் கதவுகளைப் பற்றி நாம் ஒருமுறையும் நினைத்ததில்லை. நம் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள்கள். 75 விழுக்காடு வருகை வேண்டும் எனில் வராமல் இருக்கத்தக்கவை 22 நாள்கள். மாதம் மூன்று நாள் வீதம் ஐந்து மாதத்துக்கு 15 நாள் போனால் எஞ்சுவன ஏழு. அந்த ஏழுக்குள்தான் காய்ச்சல், தம்பியின் காய்ச்சல், பாட்டியின் கண் ஆபரேஷன், ஊர்த் திருவிழா எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கண்டொனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. எல்லாப் பெண்களும் மூன்று நாள் வராமல் இருப்பதில்லை. வலி மிகுந்தவளும், உதிரப்போக்கு மிகுந்தவளும், தொலைவிலிருந்து பேருந்தில் வருபவளுமே முதலில் நிற்கிறார்கள். ஆண் மாணவன் அதே 22 நாளையும் தன் விருப்பப்படி செலவழிக்கிறான். விதி இருவர்க்கும் ஒன்று, கையிருப்பு ஒன்றன்று.

அம்மாணவி அவ்வாண்டு இறுதியில் கல்லூரியிலிருந்து நின்றுவிட்டாள். தாயோடு ஷூ கம்பெனிக்குப் போவதாகத் தோழியர் கூறினர். அவள் நின்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். வீட்டுக் கடன் இருந்தது, தம்பியின் படிப்பு இருந்தது. ஆனால் தராசின் தட்டு எப்பக்கம் சாய்வது என்று தடுமாறி நின்ற நாளில், நாம் வைத்த எடை அந்தக் கேள்வி.

தமிழகத்தில் நாப்கின் கிடைக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கிடைக்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயதுக்கு உட்பட்ட தமிழகப் பெண்களுள் நூற்றுக்கு 98 பேர் மாதவிடாய்க் காலத்தில் சுகாதாரமான முறைகளைக் கையாள்கின்றனர். இந்தியா முழுமைக்கும் இது முக்கால் பங்குக்குச் சற்று மேல். இப்பெருமைக்குக் காரணங்கள் உண்டு. 2012இல் தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கி, ஊர்ப்புறத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கினை விலையின்றி வழங்கியது. 2018 ஜூலையில் நாப்கின் மீதான சரக்கு, சேவை வரியும் நீக்கப்பட்டது.

ஆயினும் புதுயுகம் தொடங்கியபோது வகுத்த அளவை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று பொதி, பொதிக்கு ஆறு. மாதத்துக்கு ஒன்பது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. ஐந்து நாள் போக்குடைய பெண்ணுக்குப் பகலுக்கு மட்டுமே பதினைந்து வேண்டியிருக்கும். குறைவதை வாங்க முடியாதவள் துணியால் ஈடுசெய்வாள். துணி தவறன்று, சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்தினால் போதும். அந்த வெயில்தான் அவளுக்குக் கிடைப்பதில்லை. பாவாடைக்கு அடியில், கதவின் பின்னால், கூரைச் சந்தில் யார் கண்ணிலும் படாமல் உலர்த்துகிறாள். அரைகுறையாக உலர்ந்த துணியில் நோய் வளர்கிறது. அலசுவதற்கு நல்ல தண்ணீரும் வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களில் கழிவுநீர் கலந்து கிணறுகள் உவர்த்துப்போன கதையை வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்சநீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. 1996இல் தீர்ப்பும் வந்தது. நீர் கெட்ட ஊரில் முதலில் துன்புறுபவள் குடம் தூக்குபவளும் துணி அலசுபவளும் அல்லவா?

இனிச் சட்டம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. ஆகவே ஆய்வுக்கு வருபவர் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்து 'உண்டு' என்று எழுதிக்கொண்டு போகிறார். தாழ்ப்பாள் விழுகிறதா, பிற்பகல் இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள கூடை இருக்கிறதா, அதை யார் எப்போது அகற்றுகிறார் என்ற வினாக்களுக்கு அப்படிவத்தில் இடமில்லை. 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், பள்ளி மாணவியரின் மாதவிடாய்ச் சுகாதாரத்துக்கு நாடு முழுமைக்கும் ஒரே சீரான கொள்கை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. கொள்கைகள் தில்லியில் எழுதப்படலாம். தாழ்ப்பாளை இங்குள்ளவர்தாம் பூட்ட வேண்டும். ஒரு தாழ்ப்பாளின் விலை சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. பிறகு ஏன் அது ஆண்டுக்கணக்கில் உடைந்தே கிடந்தது?

உடைந்திருக்கிறது என்று சொல்ல யாருக்கும் வாய் வராததே காரணம். மாணவி ஆசிரியரிடம் சொல்ல மாட்டாள். ஆசிரியை, ஆண்கள் நிறைந்த குழுக்கூட்டத்தில் எழுந்து சொல்லத் தயங்குவார். சொன்னாலும் கேட்பவர் பேச்சை மாற்றுவார். பொருள் குறைந்ததால் அன்று, சொல் குறைந்ததால் கதவு திறந்து கிடந்தது.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. மனைவி மறைத்து எடுத்துச் சென்ற பழந்துணியைக் கண்டு, மலிவு விலையில் நாப்கின் செய்ய முனைந்தவர் அவர். பஞ்சுக்குப் பதில் மரக்கூழ் வேண்டும் என்பதையும், இயந்திரத்தின் நுட்பங்களையும் தம் முயற்சியால் கண்டுபிடித்தார். அவருக்குக் கிடைக்காமல் போனது, பயன்படுத்திப் பார்த்து எப்படி இருந்தது என்று வாய் திறந்து சொல்ல ஒரு பெண். ஆட்டு இரத்தம் நிரப்பிய பையைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு தாமே சோதித்துப் பார்க்க நேர்ந்தது. மனைவியும் தாயும் சில காலம் அவரைப் பிரிந்தனர். 2016இல் பத்மஸ்ரீ விருது வந்தது. பின்னர் இந்தித் திரைப்படமும் வந்தது. இயந்திரம் செய்வதைக் காட்டிலும் பேச்சுத் தொடங்குவது கடினமாக இருந்தது என்பதே அவர் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம்.

பேச்சில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகள் இரண்டு போதும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைக்கு அருகில் அணைக்காடு என்னும் ஊரில், பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் அக்குடிசைமேல் சாய்ந்து இறந்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வு எழுத நேர்ந்தது. தாய் எடுத்த காணொளி வெளிவந்த பிறகே நாடு அதை அறிந்தது. நூற்றுக்கு 98 என்று பெருமை கொள்ளும் நாட்டில்தான் இவ்விரண்டும் நடந்தன. பொன்முடியார் காலத்தில் கோயிலில் ஒதுங்கி நின்ற பெண், இரண்டாயிரம் ஆண்டு நடந்து பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு வரை வந்திருக்கிறாள். இன்னும் உள்ளே வரவில்லை.

இதற்கு விடுப்பே தீர்வு என்போர் உளர். கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாணவியர்க்கு இரண்டு விழுக்காடு வருகைச் சலுகை அளித்தது. 75க்குப் பதில் 73 போதும். அம்மாநில அரசு பிற பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரித்தது. மாதவிடாய் என்ற சொல்லைப் பல்கலைக்கழக ஆணையில் அச்சேற்றியதற்காகவே நாம் அதை வரவேற்கிறோம். வலியால் துடிப்பவளுக்கு ஓய்வு உரிமை, அதில் ஐயமில்லை. எனினும் 90 நாளில் இரண்டு விழுக்காடு என்பது இரண்டு நாள்கூட ஆகாது. வேறோர் அச்சமும் நமக்கு உண்டு. கதவைச் சரிசெய்வதற்குப் பதிலாக விடுப்பைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னால், அதுவும் மரியாதையான மொழியில் ஒரு 'தூரம்' ஆகிவிடாதா? முதலில் அவள் வருவதற்கு வேண்டியவற்றைச் செய்வோம். அதன்பின்னும் வர முடியாதவளுக்கு விடுப்பைத் தருவோம். இந்த வரிசை மாறக் கூடாது.

தமிழ் இலக்கியம் பேசும் இடத்தில் கழிப்பறைத் தாழ்ப்பாள் எதற்கு என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சொல்லைக் காப்பதும் விளக்குவதும்தானே நம் தொழில்? எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவத்தைப் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிட்டுப் போகும் அறிவியல் ஆசிரியரை நாம் குறை சொல்வது எளிது. முதுகலை வகுப்பில் கற்பியல் நடத்துகையில் பூப்புப் பற்றிய நூற்பா வந்தவுடன் "இது தெளிவாகவே இருக்கிறது, அடுத்ததைப் பார்ப்போம்" என்று பல ஆண்டுகள் தாண்டிச் சென்றவர் நாமே. புறநானூற்று உவமையை "ஒதுங்கி நின்றன" என்ற அளவில் முடித்துக்கொண்டோம். இருபது வயதுப் பெண்கள் முன்னிலையில் தொல்காப்பியர் கூசாத சொல்லுக்கு நாம் கூசினோம். ஆசிரியர் கூசும் சொல்லை மாணவி விடுப்பு விண்ணப்பத்தில் எப்படி எழுதுவாள்? அவள் 'வயிற்றுவலி' என்றுதான் எழுதுவாள்.

ஆகவே ஆசிரியப் பணியில் உள்ள நண்பர்களுக்கு, சிறப்பாக ஆண்களுக்கு, சிலவற்றை முன்வைக்கிறோம். உங்கள் நிறுவனத்துப் பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள், தண்ணீர், கூடை ஆகிய மூன்றையும் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்க மாணவியர் இருவரையும் ஆசிரியை ஒருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்குறிப்பு முதல்வர் மேசைக்குப் போகட்டும். தூய்மைப் பணியாளர்க்குக் கையுறை கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஒருத்தியின் கூச்சத்தை வேறொருத்தியின் வெறுங்கை சுமக்கக் கூடாது. நாப்கின் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கட்டும். பூட்டிய அலமாரியில் இருக்கும் இலவசம் இலவசம் ஆகாது. ஸ்காட்லாந்து 2020இல் இதைச் சட்டமாகவே இயற்றி, 2022 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தியது. நமக்குச் சட்டம் வரும்வரை ஒரு சாவியைக் கழற்றி வைத்தால் போதும். பாடத்தில் அச்சொல் வரும்போது தாண்டாதீர்கள். பையன்களும் இருக்கும் வகுப்பிலேயே சொல்லுங்கள். அன்று பின்வரிசையில் சிரித்தவனுக்கு அதைச் சொல்லித் தராதவர்களும் நாமே.

நம் கல்லூரியில் தாழ்ப்பாள்கள் பூட்டப்பட்டன. மூடியுள்ள கூடைகள் வந்தன. தண்ணீர்த் தொட்டி பெரிதாகவில்லை. கோடையில் இன்றும் மூன்று மணிக்குமேல் குழாய் வறண்டுதான் போகிறது. அதற்கான விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற பருவத்தில் கற்பியல் நூற்பாவை முழுவதும் படித்து உரையும் சொன்னோம். குரல் சற்றுக் கம்மியது உண்மை. இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில் 'மாதவிடாய்' என்று எழுதியிருந்தாள். கையெழுத்திட்டுக் கொடுத்தோம். ஒரு நாள்தான் கேட்டிருந்தாள். மறுநாள் வகுப்பில் இருந்தாள்.

முன்பு நின்றுபோன பிள்ளை இன்றும் காலையில் ஷூ கம்பெனி வண்டிக்காக நிற்பதைப் பார்க்கிறோம். "வணக்கம் ஐயா" என்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டியதை இன்னும் நாம் சொல்லவில்லை.